தனுஷ்கோடி மணற்கரை

தனுஷ்கோடி மணற்கரை என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில் உள்ள நீண்ட கடற்கரையாகும். இத்தீவு பாம்பன் தீவு என்றும் அழைக்கப்படுகிறது. 1964 டிசம்பர் வரை இங்கு இரயில் நிலையமும் துறைமுகமும் கொண்ட ஓர் ஊர் இருந்தது. ஒரே இரவில் வீசிய புயல் அவ்வூரை அழித்தது. இன்று இக்கரைக்கு நாள்தோறும் ஏராளமான சுற்றுலாப் பயணிகளும் யாத்திரிகர்களும் வந்து செல்கின்றனர். கரையின் அழகுக்கும் அதன் ஆபத்துக்கும் காரணம் ஒன்றே. அது ஓரிடத்தில் நிலைத்து நிற்காத மணலால் ஆன நிலம்.

அமைவிடம்

இராமேசுவரம் தீவு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை அட்சரேகையை ஒட்டி அமைந்த வெப்பமண்டலத் தீவாகும். தீவின் மேற்குப் பகுதி அகன்றது. பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஆகிய ஊர்கள் அங்கு உள்ளன. இராமேசுவரத்திற்குத் தெற்கே தீவு சட்டென ஒடுங்கி, நாக்குப் போலத் தென்கிழக்கு நோக்கிக் கடலுக்குள் நீள்கிறது. இந்த மணல் நாக்கின் மீதுதான் தனுஷ்கோடி அமைந்துள்ளது. அதன் நுனி அரிச்சல்முனை எனப்படுகிறது.

அரிச்சல்முனைக்கு அப்பால் தரை முடிந்தாலும் மணல் முடிவதில்லை. நீருக்குள் மூழ்கியும், ஆங்காங்கே தலைகாட்டியும் மணல்திட்டுகள் இலங்கையின் மன்னார்த் தீவு வரை தொடர்கின்றன. இத்தொடர் இராமர் பாலம், ஆதாம் பாலம், சேது ஆகிய பெயர்களால் அறியப்படுகிறது. எதிர்க்கரையில் உள்ள தலைமன்னார் இங்கிருந்து 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்டது.

இரு கடல்கள்

முனையை நோக்கிச் செல்லும் சாலையில் இடப்புறம் இருப்பது பாக் நீரிணைக் கடல். வலப்புறம் இருப்பது மன்னார் வளைகுடா. உள்ளூர் மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலான நாட்களில் ஏரி போல அமைதியாகக் காணப்படும். மன்னார் வளைகுடா தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்திருப்பதால் அதன் அலைகள் உயரமாகவும் வேகமாகவும் வந்து மோதும்.

எனினும் பெயரை மட்டும் வைத்து எந்தக் கடல் சாதுவானது என்று முடிவு செய்ய இயலாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் முதல் சனவரி வரை நிலை மாறும். அப்போது பெண்கடல் சீறும், ஆண்கடல் ஓரளவு அடங்கும். மீனவர்கள் இம்மாற்றத்தை அறிந்து, பருவத்திற்கேற்பக் கரை மாறித் தொழில் செய்கின்றனர். ஒரே ஊரிலிருந்து இரண்டு கடல்களில் மீன்பிடிக்க முடிவது தனுஷ்கோடியின் தனித்தன்மையாகும்.

மணல் நகரும் விதம்

அலை பெரும்பாலும் கரையை நேராகத் தாக்குவதில்லை. காற்றின் திசைக்கேற்பச் சாய்வாக வந்து ஏறுகிறது. வரும்போது மணலையும் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும்போது நீர் சரிவின் வழியே நேராக இறங்குகிறது. எனவே ஒவ்வோர் அலையிலும் ஒரு மணல் துகள் கரையோரமாகச் சிறிது தூரம் நகர்ந்துவிடுகிறது. நாள் முழுவதும், மாதக்கணக்கில் இது நிகழும்போது பெருமளவு மணல் இடம் மாறுகிறது. கரை திரும்பும் இடத்தில் நீரின் வேகம் குறைந்து மணல் படிகிறது. அவ்வாறு படிந்து படிந்தே கடலுக்குள் நீளும் மணல் நாக்குகள் உருவாகின்றன.

தனுஷ்கோடியில் இப்பணியை இரண்டு கடல்களும் இரண்டு பருவக்காற்றுகளும் மாறி மாறிச் செய்கின்றன. ஒரு பருவத்தில் கொண்டுவந்து சேர்த்த மணலில் ஒரு பகுதியை மறுபருவம் எடுத்துச் செல்கிறது. இதனால் அரிச்சல்முனையின் வடிவம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சென்ற ஆண்டு நின்று பார்த்த மணல் இவ்வாண்டு நீருக்குள் இருக்கக்கூடும். காற்றும் தன் பங்கைச் செய்கிறது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் பறந்து வந்து சாலையை மூடுவதும், அதை அள்ளி அப்புறப்படுத்துவதும் இங்கு வழக்கமான காட்சிகளாகும்.

மணலைப் பிடித்து வைப்பவை செடிகளே. அடும்பு என்னும் கொடி மணல்மேட்டின் மீது பல அடி தூரம் படர்ந்து, கணுக்கள்தோறும் வேர்விட்டு மணலை இறுக்குகிறது. ஆட்டின் குளம்பைப் போல இரண்டாகப் பிளந்த இலையையும் ஊதா நிறப் பூவையும் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம். சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் இடம்பெற்ற கொடி இதுவே. இதனுடன் இராவணன் மீசை எனப்படும் கூரிய புல்லும் வளர்கிறது. இச்செடிகள் மிதிபட்டு அழிந்தால் காற்று மணல்மேட்டைக் கலைத்துவிடும்.

மணலுக்குள் நன்னீர்

இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த இம்மணலில் சில அடி ஆழம் தோண்டினால் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. பயணிகள் பலரும் இதை வியப்புடன் நோக்குகின்றனர். இதற்கான விளக்கம் எளியது. மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. நன்னீரைவிடக் கடல்நீரின் அடர்த்தி சுமார் நாற்பதில் ஒரு பங்கு அதிகம். எனவே இறங்கிய மழைநீர் கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதந்து, நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் ஒரு வில்லை போலத் தங்குகிறது. கணக்கின்படி, கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் தங்கக்கூடும்.

இதே கணக்கில் ஓர் எச்சரிக்கையும் உள்ளது. மேலே 1 மீட்டர் நீரை இறைத்துவிட்டால் கீழே 40 மீட்டர் வரை உப்புநீர் ஏறிவிடும். கையால் தோண்டிய ஊற்றுகளில் குடத்தால் மொண்டு எடுப்பதை இந்நிலம் தாங்கும். ஆழ்துளைக் கிணறும் பெரிய மோட்டாரும் அதைக் கெடுத்துவிடும். ஊற்றைச் சுற்றிக் குப்பை கொட்டுவதும் அசுத்தம் செய்வதும் இங்கு வாழும் குடும்பங்களின் குடிநீரில் நேராகக் கலக்கும். மணல் வழியே நீர் மிக எளிதாக இறங்கிவிடுவதே காரணம்.

துறைமுக நகரம்

பாம்பன் இரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. சென்னை எழும்பூரில் இரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் இரயில் ஏறிக் கொழும்பு செல்ல இயன்றது. இச்சேவை போட் மெயில் எனப்பட்டது. இர்வின், கோசன் என்ற கப்பல்கள் பிற்காலத்தில் இவ்வழியில் ஓடின. வணிகர்கள், யாத்திரிகர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் என எண்ணற்றோர் இவ்வழியாகக் கடல் கடந்தனர். தொழிலாளர்கள் அதற்கு முன் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர்.

இப்போக்குவரத்தைச் சார்ந்து மணல்மேல் ஓர் ஊர் எழுந்தது. இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, தேவாலயம், கடைகள், விடுதிகள் ஆகியவை அங்கு இருந்தன. கடலிலிருந்து எடுத்த பவளக் கற்களால் கட்டிய சுவர்களை இடிபாடுகளில் இன்றும் காணலாம்.

1964 ஆம் ஆண்டுப் புயல்

1964 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வங்கக் கடலின் தெற்குப் பகுதியில் உருவான புயல், வட இலங்கையைக் கடந்து டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. காற்றைவிட அதிக அழிவை ஏற்படுத்தியது கடலேற்றமே. புயலின் காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகிறது. ஆழமான கடலில் அந்நீர் கீழிறங்கித் திரும்ப இடமுண்டு. பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் அதற்கு இடமில்லாததால் நீர் மேலெழும்பி நிலத்தின் மீது ஏறுகிறது. தாழ்வான மணல்மேல் இருந்த ஊருக்குள் கடல் புகுந்தது. ஒதுங்குவதற்கு மேட்டு நிலம் எதுவும் அருகில் இல்லை.

அன்று இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 எண் பயணிகள் இரயில், தனுஷ்கோடியை நெருங்கியபோது பேரலையில் சிக்கியது. அதில் இருந்த 110 பயணிகளும் 5 இரயில்வே ஊழியர்களும் உயிரிழந்தனர். பயணச்சீட்டு இன்றி ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இதைவிடக் கூடும் என்ற கருத்தும் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் சேர்த்து இப்புயலில் சுமார் 1,800 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

பாம்பன் பாலத்தின் 145 இரும்புத் தூலங்களில் 126 சரிந்தன. பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டு, இராமேசுவரத்திற்கு மீண்டும் இரயில் ஓடியது. ஆனால் தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை மீண்டும் போடப்படவில்லை. அன்றைய சென்னை மாநில அரசு இவ்விடத்தை மக்கள் வாழத் தகுதியற்றது என அறிவித்தது. கப்பல் சேவை இராமேசுவரத்திற்கு மாற்றப்பட்டு 1980களின் முற்பகுதி வரை நடந்தது.

புதிய இரயில் பாதை அமைக்கும் திட்டத்திற்கு 2019 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மணற்கரையின் சூழல் பாதிக்கப்படும் என்ற எதிர்ப்பு எழுந்தது. பாதை அமைக்கப்படவில்லை.

இன்றைய தனுஷ்கோடி

அரசின் அறிவிப்புக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் சில இக்கரையை விட்டு முழுமையாக நீங்கவில்லை. ஓலையும் தகரமும் கொண்ட குடில்களில் அவர்கள் வாழ்கின்றனர். கரைவலை இழுப்பது இங்கு இன்றும் நடைபெறும் பழைய தொழில்முறையாகும். வலையின் ஒருபுறக் கயிற்றைக் கரையில் வைத்துவிட்டு, படகு அரைவட்டமாகச் சென்று வலையை விரித்து, மறுபுறக் கயிற்றைச் சற்றுத் தள்ளிக் கரை சேர்க்கும். பின்னர் இரு வரிசையாக நின்று பலர் சேர்ந்து இழுப்பர். நடுவில் உள்ள மடியில் மீன்கள் சேரும். இழுத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். வலை கரையேறும் வேளையில் பயணிகள் கயிற்றைத் தாண்டுவதும் மீனைச் சுற்றி மொய்ப்பதும் அவர்கள் வேலைக்கு இடையூறாகின்றன. சற்று விலகி நின்றால் முழு வேலையையும் நன்கு பார்க்கலாம்.

முன்பு முகுந்தராயர் சத்திரத்துடன் தார்ச்சாலை முடிந்தது. அதற்கு அப்பால் பயணிகள் வேன்களிலும் ஜீப்புகளிலும் மணலிலும் சேற்றிலும் ஏறி இறங்கிச் சென்றனர். அங்கிருந்து அரிச்சல்முனை வரையிலான 9.5 கி.மீ. தேசிய நெடுஞ்சாலை 2017 சூலை 27 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதன் பின் வருவோர் எண்ணிக்கை பெருகியது. சங்கு, சிப்பிப் பொருட்கள், மீன் உணவு விற்கும் சிறு கடைகள் இக்குடும்பங்களுக்குக் கூடுதல் வருவாய் தருகின்றன. அதே அளவில் ஞெகிழிக் குப்பையும் பெருகியுள்ளது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஞெகிழிப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது.

பறவைகளும் ஆமைகளும்

இராமேசுவரத்திலிருந்து வரும் வழியில், 1964 புயலுக்குத் தப்பிய கோதண்டராமர் கோவில் உள்ளது. அதைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீர்ப்பரப்புக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. நீண்ட காலும் வளைந்த அலகும் கொண்ட இப்பறவைகள் தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டி இரை தேடும். இப்பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2025 சூன் மாதம் அறிவித்தது.

பங்குனி ஆமைகள் சனவரி முதல் ஏப்ரல் வரை இரவு வேளைகளில் கரையேறி, மணலில் குழி தோண்டி முட்டையிடும். வெயிலின் சூட்டிலேயே முட்டைகள் ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் பொரிகின்றன. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் எனக் கருதி நடக்கும். கரையில் எரியும் விளக்குகள் அவற்றைத் திசைமாற்றிவிடும்.

தெற்கே உள்ள மன்னார் வளைகுடா 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இப்பகுதியில் பவளம், கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையும் நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லக் கூடாது.

கடலில் இறங்குவோர் அறிய வேண்டியவை

அரிச்சல்முனையில் குளிப்பது ஆபத்தானது என எச்சரிக்கைப் பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. இரு கடல்களின் நீரும் மணல்திட்டுகளின் இடைவெளி வழியே மாறிமாறிப் பாய்வதால் அங்கு நீரோட்டம் வலுவாக இருக்கும். காலடி மணலை நீரோட்டம் அரித்துச் செல்லும். முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த சில அடிகளிலேயே ஆழம் கூடிவிடும். நீந்தத் தெரிந்தவர்களும் இங்கு உயிரிழக்க இதுவே காரணமாகிறது.

ஆண்கடல் பக்கத்தில் மற்றோர் ஆபத்து உண்டு. அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த நீர், ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும். அவ்விடத்தில் அலைகள் குறைவாகவும் நீர் அமைதியாகவும் தோன்றும். குளிப்பவர்கள் அதையே பாதுகாப்பான இடம் எனக் கருதி இறங்குவதுண்டு. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி நேராக நீந்த முயன்றால் விரைவில் களைத்துப்போவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சிறிது தூரத்தில் இழுப்பு நீங்கும். பிறகு கரை சேரலாம். ஒருவர் சிக்கிவிட்டால் உடன் வந்தவர்கள் கைகோத்து நீருக்குள் இறங்கக் கூடாது. கயிறு, காலி நெகிழிக் குடம் போன்ற மிதக்கும் பொருளை எறிந்து, அருகில் உள்ள மீனவர்களை அழைப்பதே உதவும்.

சேதுவில் நீராடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதற்காக வருவோர் உள்ளூர் மீனவர் காட்டும் இடத்தில், கணுக்கால் ஆழத்தில் அமர்ந்து நீரை மொண்டு ஊற்றிக்கொள்வது பாதுகாப்பானது. பருவக்காற்றுக் காலங்களில் எந்தப் பக்கத்திலும் இறங்காமல் இருப்பது நல்லது.

சென்று வருதல்

இராமேசுவரம் நகரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கிருந்து அரிச்சல்முனைக்கு மேலும் 5 கி.மீ. செல்ல வேண்டும். நகரப் பேருந்துகளும் ஆட்டோக்களும் கிடைக்கின்றன. மாலைக்குப் பிறகு வாகனங்கள் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. கடல் சீற்றம் மிகும் நாட்களில் பகலிலும் வழி மூடப்படுவதுண்டு. தங்கும் விடுதிகள் இராமேசுவரத்தில்தான் உள்ளன. பெரிய நிழல்மரங்கள் இல்லாததால் காலை வேளையே செல்ல ஏற்றது. குடிநீரும் குடை அல்லது தொப்பியும் எடுத்துச் செல்ல வேண்டும். நண்பகலில் மணல் வெறுங்காலால் நடக்க முடியாத அளவு சுடும்.

மாணவர்கள் கவனிக்கத்தக்கவை

பள்ளிச் சுற்றுலாவாக வரும் மாணவர்கள் கீழ்க்கண்டவற்றை நேரில் கண்டு குறித்துக்கொள்ளலாம்.

1. இரு பக்கக் கரைகளிலும் ஐந்து நிமிடங்களில் வரும் அலைகளை எண்ணி, அவற்றின் உயரத்தையும் ஒப்பிடுதல்.

2. கரையோர நீரில் ஒரு சிறு குச்சியை இட்டு, அது எத்திசையில் நகர்கிறது எனக் காணுதல். ஆசிரியர் உடனிருக்க வேண்டும். மணல் நகரும் திசையை இது காட்டும்.

3. அடும்புக் கொடி உள்ள மேட்டையும் இல்லாத மேட்டையும் ஒப்பிடுதல். கொடியைப் பிடுங்காமல் பார்க்க வேண்டும்.

4. தேவாலயம், இரயில் நிலையம் ஆகியவற்றின் இடிபாடுகளில் எந்தக் கல் பயன்பட்டுள்ளது எனக் காணுதல். சுவர்களில் ஏறுவதும் பெயர் எழுதுவதும் கூடாது.

5. இடிபாடுகளிலிருந்து இருபுறக் கடலும் எவ்வளவு தூரத்தில் உள்ளன என நடந்து அளத்தல். 1964 டிசம்பர் 22 இரவில் ஊர்மக்களுக்கும் கடலுக்கும் இடையே இருந்த தூரம் எவ்வளவு குறைவானது என்பது அந்த நடையில் விளங்கும்.